கருவியும் ஒரு சாட்சியே



சென்ற மாதம் மாலை மத்ரஸா முடிந்து பிள்ளைகள் கலைந்த பின்னர், ஒரு தாய் வாயிலில் தயங்கி நின்றார். இரவு வேலை முடித்துத் திரும்பிய அவருடைய மகனை வழியில் நிறுத்திய காவலர் ஒருவர், கைபேசியில் அவன் முகத்தைப் படம்பிடித்துப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னாராம். "விட்டுட்டாங்க ஹஜ்ரத். ஆனா அந்தப் போட்டோ எங்கே போகும்?" என்று கேட்டார். தொண்ணூறுகளில் கோட்டைமேட்டுச் சோதனைச் சாவடிகளைக் கடந்து வளர்ந்த என்னால், அதை வீண் அச்சம் என்று ஒதுக்க இயலவில்லை.

கருவிகள்மீது எனக்குப் பகை இல்லை. நம் கொங்கு மண்ணிலேயே அவை நீதிக்குத் துணை நின்றதைக் கண்டோம். 2015 ஜூன் 23 அன்று தோழியுடன் திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குச் சென்ற தலித் இளைஞர் கோகுல்ராஜ், மறுநாள் பள்ளிபாளையம் அருகே இரயில் பாதையில் பிணமாகக் கிடந்தார். வழக்கின் முக்கிய சாட்சியான அத்தோழி பிறழ்சாட்சியானார். 2022 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவரை வரவழைத்து, கோயில் கேமராவின் பதிவைத் திரையிட்டுக் காட்டியபோதும், அதில் இருப்பது தான் அல்ல என்றே கூறினார். மனிதரின் நாவைக் கட்டிவிட எத்தனையோ வழிகள் உண்டு. கேமராவிடம் அவை செல்லவில்லை. ஆயினும், கேமரா சொன்னதாலேயே நீதிபதிகள் நம்பிவிடவில்லை. கோயிலுக்கே நேரில் சென்று பார்வையிட்டனர். அதன் பின்னரே, 2023 ஜூன் 2 அன்று, முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தனர்.

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கர் பட்டப்பகலில் வெட்டப்பட்ட காட்சியையும் நாடே பார்த்தது. வெட்டிய கைகளைக் கேமரா காட்டியது. ஏவியவர் உண்டா, எவர் என்பதைக் காட்ட அதனால் இயலுமா? சங்கருடைய மனைவியின் தந்தைக்குத் திருப்பூர் நீதிமன்றம் 2017இல் மரண தண்டனை விதித்தது. சதி மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி உயர் நீதிமன்றம் 2020 ஜூனில் அவரை விடுதலை செய்தது. அத்தீர்ப்பைப் பற்றி எவர் என்ன கருதினாலும், கேமராவின் பார்வைக்கு எல்லை உண்டு என்பதில் ஐயமில்லை.

ஹதீஸ் கலையில், ஒரு செய்தியை யார் யாரிடமிருந்து கேட்டார் என்னும் அறிவிப்பாளர் தொடரை வரிசையாக ஆராய்கிறோம். ஒரு கண்ணி அறுந்தாலும் செய்தி பலவீனமாகிவிடும். மின்னணுச் சான்றுக்கு நம் சட்டமும் ஏறத்தாழ இதையே கேட்கிறது. பதிவின் நகலை நீதிமன்றத்தில் வைப்போர், அது எக்கருவியில் எவ்வாறு உருவானது என்று சான்றிதழ் தருவது கட்டாயம் என உச்ச நீதிமன்றம் 2020 ஜூலையில் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவும் அச்சான்றிதழைக் கேட்கிறது.

அந்தத் தாயின் மகனைப் படம்பிடித்த கருவியின் நிலை வேறு. முகம் அறியும் மென்பொருள் எதையும் கண்ணால் கண்ட சாட்சி அன்று. ஒரு முகத்தின் அளவுகளைச் சேமிப்பிலுள்ள முகங்களோடு ஒப்பிட்டு, எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மதிப்பெண் இடுகிறது, அவ்வளவே. தில்லிக் காவல்துறை நூற்றுக்கு எண்பது ஒத்திருந்தால் பொருத்தம் எனக் கொள்வதாகத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே 2022இல் தெரியவந்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் காவலர்கள் 2020 ஜனவரியில், இத்தகைய பொருத்தத்தை நம்பி, குற்றமற்ற ஒருவரை அவருடைய மனைவி மக்கள் முன்னிலையிலேயே கைது செய்தார்கள். தமிழகக் காவல்துறையின் முகம் அறியும் தளம் 2021 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 2024 மே மாதத்தில் அத்தளத்துக்குள் அயலார் ஊடுருவிய செய்தியும் வந்தது. நம் வீட்டுக் கதவைவிட அந்தக் கதவு உறுதியானது என்று எண்ணியிருந்தோம்!

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் வதைபட்டு மாண்டபோது, நிலையத்தின் கேமராப் பதிவுகள் நாள்தோறும் தாமாகவே அழியுமாறு அமைக்கப்பட்டிருந்ததை நீதித்துறை நடுவர் கண்டறிந்தார். காவல் நிலையக் கேமராக்களின் பதிவுகளைப் பதினெட்டு மாதங்கள் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் ஆணையிட்டது. கைதானோரின் கைரேகை, முகம், கருவிழி ஆகியவற்றின் பதிவுகளையோ 2022ஆம் ஆண்டின் அடையாளச் சட்டம் எழுபத்தைந்து ஆண்டுகள் வைத்திருக்க இடமளிக்கிறது.

அச்சட்டத்தில் ஒரு வாயில் உண்டு. நம் வீடுகளில் பலர் அறியாதது. முன்பு தண்டனை பெறாத ஒருவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ, வழக்கில் விடுதலையானாலோ, மேல்முறையீடுகளும் முடிந்தபின், நீதிமன்றம் வேறுவிதமாக ஆணையிட்டாலன்றி, அவருடைய பதிவுகள் அழிக்கப்பட வேண்டும். தீர்ப்பு வந்த மகிழ்ச்சியில் வீடு திரும்பிவிடாமல், அதற்கும் வழக்கறிஞரிடம் மனு எழுதச் சொல்லுங்கள். வீட்டில் சோதனை நடந்தால், அதை முழுமையாக ஒளி, ஒலிப் பதிவு செய்வது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி காவலரின் கடமை. அதைப் பணிவோடு நினைவூட்டுங்கள்.

ஆனால் அந்த மகன் கைதாகவே இல்லை. வழியில் எடுக்கும் படத்தைப் பற்றி அடையாளச் சட்டம் பேசவில்லை. இதை அத்தாயிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை, இருப்பினும் சொன்னேன். அன்றைய நாள், நேரம், இடம் மூன்றையும் குறித்து வைக்கச் சொன்னேன். இத்தகைய படங்கள் எவ்வளவு காலம் வைக்கப்படுகின்றன, எவர் பார்க்கலாம் என்று கேட்டு, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மகனையே மனு எழுதச் சொன்னேன். அவன் எழுதிய வரைவு இப்போது என் மேசையில் இருக்கிறது. எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தால், திங்களன்று அஞ்சலில் சேர்த்துவிடுவான், இன்ஷா அல்லாஹ்.