மண்டையப் போட்டாரா, காலமானாரா?

நம்மூர்ல யாரும் நேரடியா "செத்துட்டார்"னு சொல்றதில்ல, கவனிச்சிருக்கீங்களா? தவறிட்டார், காலமாயிட்டார், போய்ச் சேர்ந்துட்டார். சைவர்னா சிவலோக பதவி, வைணவர்னா வைகுண்ட பதவி, கிறிஸ்தவர்னா கர்த்தருக்குள் நித்திரை, முஸ்லிம் வீட்டுல மவுத். பகுத்தறிவுக் குடும்பம்னா 'இயற்கை எய்தினார்'. கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்தே ஆளோட கொள்கையைச் சொல்லிடலாம் :) கும்மிடிப்பூண்டி தாண்டி ஆரம்பாக்கம் பக்கம் போனா தெலுங்குல 'காலம் சேசாரு'.

இதுக்கு நன்னூல்ல பேரே இருக்கு, 'மங்கலம்'. செத்தாரைத் துஞ்சினார்னு சொல்றது. துஞ்சுறதுன்னா தூங்குறது. திருவள்ளூர்லேர்ந்து அதிக தூரமில்லாத தக்கோலத்துல 949-ல நடந்த போர்ல, யானை மேல இருந்தபடியே கொல்லப்பட்டான் சோழ இளவரசன் இராஜாதித்தன். கல்வெட்டுல அவன் 'ஆனைமேல் துஞ்சின தேவர்'. அவ்ளோ கலவரத்துல தூக்கமாம்!

அப்புறம் நம்ம ஸ்டைல்: மண்டையப் போட்டார், வாயப் பொளந்துட்டார், டிக்கெட் வாங்கிட்டார், புட்டுக்கிச்சு, ஆள் அவுட், சங்கு ஊதியாச்சு. ஸ்பானிஷ்காரனும் 'காலை நீட்டிட்டான்'னுதான் சொல்றானாம். இதெல்லாம் மரியாதை கெட்ட பேச்சுன்னு பெரியவங்க திட்டுவாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். இந்த வார்த்தைகளை யாருக்குச் சொல்றோம்னு பாருங்க. தொண்ணூறு வயசுல பேரன் பேத்தி எடுத்துட்டுப் போன தாத்தாவுக்கு, கல்யாணச் சாவுக்கு. இல்லேன்னா ஊரை ஏமாத்தின அரசியல்வாதிக்கு. சிப்காட்ல நைட் ஷிப்ட் போன இருபத்திரெண்டு வயசுப் பையன் திரும்பி வரலேன்னா, எவ்ளோ வாய்த்துடுக்கான ஆளும் "மண்டையப் போட்டான்"னு சொல்ல மாட்டான். "போயிட்டாம்ப்பா", அவ்ளோதான்.

எனக்குக் கோபம் வர்றது வேற ஒரு வார்த்தை மேல. 'அசம்பாவிதம்'. கேக்க எவ்ளோ கௌரவமா இருக்கு! நடக்கும்னு யாருமே நினைச்சுப் பார்க்காததுன்னு அர்த்தம். உருக்காலையில உலை பக்கத்துல பாதுகாப்பு உடுப்பு இல்லாம நின்னவன், தடுப்புக் கழட்டின மிஷின்ல கைவிட்டவன், காத்து சோதிக்காம தொட்டிக்குள்ள இறக்கிவிடப்பட்டவன், இவங்களுக்கு என்ன ஆகும்னு கூட வேலை செய்றவங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரியும். சூப்பர்வைசருக்கும் தெரியும். அதுக்கப்புறம் வாசல்ல "பாடி எப்ப தருவாங்க?"னு சொந்தக்காரங்க நிக்கணும். பீகார்ல இருந்தோ ஒடிசாவுல இருந்தோ வந்த பையன்னா அதைக் கேக்கவும் பக்கத்துல ஆள் இருக்காது.

சங்கு ஊதிட்டாங்கன்னு சொன்னாலாவது, ஊதினது யாருன்னு ஒரு கேள்வி மிச்சமிருக்கும்.