மாத்திரையா, கதீட்டரா? வயதும் எடையும் சொல்லட்டும்

ஓடி விளையாடும் பிள்ளை நெஞ்சு படபடக்கிறது என்று வந்து உட்கார்ந்தால், பரீட்சைப் பயம் என்று சொல்லிவிடுகிறோம். இதயம் நிமிடத்துக்கு 200 முறை என்ற வேகத்தில் சட்டென்று துடிக்கத் தொடங்கி, அதேபோல் சட்டென்று அடங்குமானால், அதைப் பயத்தின் கணக்கில் எழுதக் கூடாது. பிள்ளைகளிடம் இதற்குப் பெரும்பாலும் காரணம், இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே பிறவியிலேயே அமைந்துவிட்ட உபரி மின்பாதை. துடிப்பைத் தூண்டும் மின்சாரம் அதன் வழியே வட்டமடித்துக்கொண்டே இருக்கும். பள்ளி வயதை எட்டிய பிள்ளைக்கு இந்தத் தொல்லை அடிக்கடி வந்தால், ஆண்டுக்கணக்கில் மாத்திரை கொடுப்பதைவிட, கதீட்டர் சிகிச்சையால் பாதையை அடைத்துவிடுவதே மேல்.

மாத்திரை துடிப்பை அடக்கி வைக்குமே தவிர, பாதையை அழிக்காது. வேளை தவறினால் படபடப்பு திரும்பலாம். இதற்குத் தரப்படும் பீட்டா பிளாக்கர் மருந்துகளால் சோர்வும் வரலாம். கதீட்டர் முறையில் நெஞ்சைத் திறப்பதில்லை. தொடையிடுக்கில் உள்ள சிரை வழியாக மெல்லிய குழாய்களை இதயத்துக்குள் செலுத்தி, மின்னோட்டத்தை உள்ளிருந்தே பதிவு செய்து, கோளாறான இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். குழாயின் முனை வழியே சூடு கொடுத்தால், சில மில்லிமீட்டர் திசு செயலிழந்து பாதை அடைபடும். அனுபவமுள்ள மையங்களில் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு மேல் இது பலனளிக்கிறது. 1930இல் விவரிக்கப்பட்ட உல்ஃப்-பார்க்கின்சன்-ஒயிட் கோளாறில், உபரிப் பாதை அரிதாகத் திடீர் மரணத்துக்கும் வழிவிடும் என்பதால் தேவை இன்னும் கூடுகிறது.

வளரும் இதயத்தில் சூடு வைப்பதா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஆட்டுக்குட்டிகளிடம் செய்து 1994இல் வெளியிட்ட ஆய்வில், சூடுபட்ட வடு உடல் வளர வளரப் பெரிதானது தெரியவந்தது. பச்சைக் குழந்தைகளில் பலருக்கு முதல் வயதுக்குள் தொல்லை தானாகவே ஓய்ந்தும்விடும். ஆகவே 15 கிலோவுக்கும் குறைவான குழந்தைக்கு மாத்திரைதான் முதல் வழி. மருந்துக்கு அடங்காவிட்டால்தான் கதீட்டர். இதயத்தின் இயல்பான மின்கணுவுக்கு அருகே சுட்டால் அது பழுதாகி, வாழ்நாள் முழுக்க பேஸ்மேக்கர் தேவைப்படலாம் என்ற அச்சமும் பொய்யல்ல. அதற்காகத்தான் அங்கே சூட்டுக்குப் பதில் குளிரைப் பயன்படுத்துகிறார்கள். முதலில் ஓரளவு மட்டும் குளிர்வித்துப் பார்ப்பார்கள். இயல்பான துடிப்பு தடுமாறினால் உடனே நிறுத்தலாம், திசு பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். குழாயின் இடத்தைப் பார்க்க எடுக்கும் எக்ஸ்ரேயின் கதிர்வீச்சையும் முப்பரிமாண வரைபட முறை வெகுவாகக் குறைத்திருக்கிறது.

ஆக, இந்த ஆட்சேபங்கள் எந்த வயதில், எந்த இடத்தில் செய்வது என்பதைத்தான் தீர்மானிக்கின்றன. சிகிச்சையையே தள்ளிவைக்கச் சொல்லவில்லை. பெற்றோர்களே, படபடப்பு இருக்கும்போதே அருகிலுள்ள மருத்துவமனையில் ஈசிஜி எடுத்துவிடுங்கள். அடங்கிய பிறகு எடுத்தால் பல பிள்ளைகளுக்குக் கோளாறு தெரியாது. அந்தத் தாளோடு, பிள்ளைகளின் இதயத்துடிப்புக் கோளாறுகளுக்கான சிறப்பு மருத்துவரைப் பார்த்து, இரண்டு வழிகளையும் கேட்டறிந்து முடிவெடுங்கள்.