கவுண்டரில் நிற்பவன் யார்?

எங்கள் தோட்டத்தில் அந்தக் காலத்தில் கடிதம் வீட்டுக்கு வராது. தபால் பை ஆபீசுக்கு வரும். கிராணி பெயர் சொல்லிக் கூப்பிடுவார். யாருக்கு எங்கிருந்து கடிதம் வந்தது என்பது லயம் முழுக்கத் தெரிந்துவிடும். அதுவே ஒரு காவலாகவும் இருந்தது.

இன்று கேமரன் மலையில் பல வீடுகளில் வயதான பெற்றோர் மட்டும் இருக்கிறார்கள். பிள்ளைகள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். பூட்டில்லாத தபால் பெட்டியில் வங்கிக் கடிதமும் காப்புறுதிக் காசோலையும் நாள் கணக்கில் கிடந்தால், எடுப்பவனுக்கு அது திறந்த கல்லாப்பெட்டி.

இது எவ்வளவு பெரிதாக வளரக்கூடும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. அங்கே நிதிக் குற்றங்களைக் கண்காணிக்கும் ஃபின்சென் என்ற அரசுப் பிரிவு, தபால் திருட்டு வழியாக நடக்கும் காசோலை மோசடி பற்றி 2023 பிப்ரவரியில் எச்சரிக்கை விடுத்தது. காசோலை மோசடிச் சந்தேகத்தில் 2021-இல் நிதி நிறுவனங்கள் அனுப்பிய அறிக்கைகள் 350,000-க்கும் மேல். அடுத்த ஆண்டில் அது 680,000-ஐத் தாண்டியது. திருடிய காசோலையின் மையை ரசாயனத்தால் கழுவி, பெயரையும் தொகையையும் மாற்றி எழுதுகிறார்கள்.

அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. கழுவிய காசோலையோடு வங்கிக் கவுண்டருக்குப் போவது எப்போதும் அந்தக் கும்பலின் தலைவன் அல்ல. வீடில்லாமல் தெருவில் படுத்திருப்பவரைப் பிடித்து, நல்ல சட்டை போட்டுவிட்டு, கொஞ்சம் பணம் தருவதாகச் சொல்லி உள்ளே அனுப்பிய கும்பல்கள் அங்கே வழக்குகளில் சிக்கியிருக்கின்றன. கேமராவில் பதிவது அவர் முகம். வங்கியிடம் இருப்பது அவருடைய அடையாள அட்டை நகல். அவர் செய்தது குற்றம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் லாபம் அவருடையது அல்ல.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு முகம் உண்டு: கழுதைக் கணக்கு. "உன் வங்கி அட்டையை ஒரு மாதம் கொடு, சில நூறு வெள்ளி தருகிறேன்" என்று கேட்பவன், வேலையில்லாத தோட்டத்துப் பையனைத்தான் தேடி வருகிறான். பணம் ஏமாந்தவர் போலீசுக்குப் போனால், முதலில் தட்டப்படுவது அந்தப் பையனின் வீட்டுக் கதவு. 2024-இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, கணக்கைச் சட்டவிரோதமாக இன்னொருவர் கையில் ஒப்படைப்பதே குற்றம். "எனக்கு ஒரு சென்கூடக் கிடைக்கவில்லை" என்ற வாதமும் செல்லாது. 420-ஆவது பிரிவின்கீழ் மோசடிக்குப் பத்தாண்டு வரை சிறை, பிரம்படி, அபராதம் உண்டு. மோசடி முயற்சியோடு நின்றுபோனாலும் 511-ஆவது பிரிவு தண்டிக்கும்.

அடுத்த முறை மலைக்குப் போகும்போது சில வேலைகளைச் செய்துவிட்டு வாருங்கள். தபால் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போடுங்கள். நீங்கள் இல்லாத நாளில் கடிதத்தை எடுத்துவைக்க நம்பிக்கையான ஒரு அக்கம்பக்கத்தவரிடம் சொல்லுங்கள். பெற்றோருக்கு வரவேண்டிய பணம் நேராகக் கணக்கில் விழ ஏற்பாடு செய்யுங்கள். காசோலை எழுதியே ஆகவேண்டுமானால், இரண்டு கோடு போட்டு 'பெறுநர் கணக்குக்கு மட்டும்' என்று குறியுங்கள். 'அல்லது கொண்டுவருபவர்' என்ற சொற்களை அடித்துவிடுங்கள். எளிதில் கழுவ முடியாத ஜெல் பேனாவில் எழுதுங்கள். அனுப்பிய காசோலை போய்ச் சேரவில்லை என்று தெரிந்தால், காத்திருக்காமல் அன்றே வங்கியில் சொல்லி நிறுத்துங்கள்; போலீஸ் புகாரும் கொடுங்கள். இணைய மோசடியில் பணம் போனால் உடனே 997-ஐ அழையுங்கள்.

கிளம்புவதற்கு முன் தம்பியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்: "உன் அட்டை உன்னிடம்தான் இருக்கிறதா?" சொல்லத் தயங்கினால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள், அன்றைக்கே வங்கிக்கு அழைத்துப் போங்கள்.