பங்கு இருக்கிறது, பலன் எங்கே?

உயிர்த் தொழில்நுட்பம் படிக்கும் நம்மில் சிலர் இப்போது அத்துறைக் கம்பெனிகளின் பங்குகளைப் பற்றியும் பேசத் தொடங்கியிருக்கிறோம். விடுதிச் சாப்பாட்டு மேசையில் அடிக்கடி ஒரு கேள்வி எழுகிறது: "இத்தனை இலாபம் காட்டுகிறார்களே, டிவிடெண்டு மட்டும் ஏன் கொடுப்பதில்லை?"

நியாயமான கேள்விதான். அதற்கு நியாயமான விடையும் உண்டு. அமெரிக்காவின் ஆம்ஜென் கம்பெனி 1980-இல் பிறந்தது. தன் பங்குதாரர்களுக்கு முதன்முதலாக இலாப ஈவு வழங்கியது 2011-இல். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பங்குதாரர் பொறுத்திருந்தனர். ஏன்? ஒரு புது மருந்து ஆய்வுக்கூடத்தை விட்டு நோயாளியின் கைக்கு வரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் செல்லும். புறப்பட்டவற்றுள் பெரும்பாலானவை வழியிலேயே மடிந்துபோகும். விதைநெல்லைக் குத்தித் தின்றுவிட்டு அடுத்த போகத்திற்கு எதை விதைப்பது?

பங்குதாரர் பொறுத்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. அவருக்குப் பணமுடை வந்தால் சில பங்குகளைச் சந்தையில் விற்றுக்கொள்ளலாம். 1961-இல் மில்லர், மோடிகிலியானி என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் இதைக் கணக்கிட்டே காட்டினார்கள். வரியும் தரகும் இல்லாத, அனைவரும் அனைத்தும் அறிந்த ஒரு சந்தையில், ஈவு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பங்குதாரரின் செல்வம் ஒன்றே என்றார்கள்.

நல்லது. ஆனால் விற்பதற்குச் சந்தையே இல்லாத பங்குதாரர் என்ன செய்வார்? அத்தகையவர்களைத் தேடி அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. போடிமெட்டு ஏறி மூணாறு சென்றால் போதும். கூடையைச் சுமந்து கொழுந்தெடுக்கும் நம் தாய்மார்களே அவர்கள்.

2005-இல் டாட்டா டீ நிறுவனம் மூணாற்றுத் தோட்டங்களை நடத்தும் பொறுப்பிலிருந்து விலகியது. கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் என்னும் புதிய கம்பெனி எழுந்தது. அதன் பங்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பகுதி பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களின் கைக்கு வந்தது. தொழிலாளியே முதலாளி என்று பலரும் வியந்தார்கள். வியக்கத்தக்க முயற்சிதான், அதை நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் 2015 செப்டம்பரில் நடந்ததென்ன? இலாபம் குறைந்ததைக் காட்டிப் போனசை 10 விழுக்காடாகக் குறைத்தது நிர்வாகம். 20 விழுக்காடு கேட்டு ஆயிரக்கணக்கான பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு, மூணாற்றுச் சாலையில் அமர்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று நாடு அறிந்த கிளர்ச்சி அது. ஒன்பது நாளில் 20 விழுக்காட்டைப் பெற்றார்கள். வெற்றிதான். எனினும், சொந்தக் கம்பெனியை எதிர்த்து உடைமையாளரே மறியல் செய்யும் விந்தையை என்னென்பது?

போனசு சட்டம் தந்த உரிமை. 1965-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு 8.33 முதல் 20 விழுக்காடு வரை எல்லை வகுத்தது. டிவிடெண்டு அப்படியன்று. இயக்குநர் குழு சிபாரிசு செய்யும்; பங்குதாரர் பொதுக்கூட்டம் ஒப்பும். வழக்கமான கம்பெனி விதிப்படி, அந்தத் தொகையைப் பொதுக்கூட்டம் குறைக்கலாம், கூட்ட முடியாது! தோட்டக் கம்பெனியோ பிரைவேட் லிமிடெட் வகை. அதன் பங்கு பங்குச் சந்தையில் விலைபோவதில்லை. ஆகவே ஆம்ஜென் பங்குதாரருக்குத் திறந்திருந்த வாசல் நம் தாய்மார்களுக்கு அடைத்திருக்கிறது. அவர்கள் கையில் உள்ள பங்கு, ஈவு வந்தால் சொத்து. வராவிட்டால் ஏட்டுச் சுரைக்காய்.

"எல்லாவற்றையும் பங்கிட்டுவிட்டால் கிழட்டுச் செடிகளைப் பிடுங்கி மறுநடவு செய்வது யார்? லயங்களைப் பழுதுபார்ப்பது யார்? பீர்மேட்டில் 2000-க்குப் பின் தோட்டங்கள் மூடிக்கிடந்ததை மறந்தாயா?" என்று கேட்பார்கள். மறக்கவில்லை. கையிருப்பு இல்லாத தோட்டம் ஒரு விலைவீழ்ச்சியைத் தாங்காது. இலாபத்தை நிறுத்திவைப்பது குற்றமன்று. எவ்வளவு, எதற்காக, எத்தனை காலம் என்று பங்குதாரருக்கு விளங்கச் சொல்லாமல் நிறுத்திவைப்பதே குற்றம்.

பங்குச் சந்தைக் கம்பெனிகளுக்கு இந்தக் கடமை சட்டமாகவே வந்துவிட்டது. முதல் 500 பெரிய கம்பெனிகள் தம் ஈவுக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டுமென்று செபி 2016-இல் விதித்தது. 2021-இல் அதை 1000 கம்பெனிகளாக விரித்தது. சந்தையில் விற்றுத் தப்பிக்க வழியுள்ளவருக்கு இந்தப் பாதுகாப்பு, வழியற்றவருக்கு இல்லை! தொழிலாளர் பங்கு வைத்திருக்கும் எல்லாக் கம்பெனிகளுக்கும் இவ்விதி வரவேண்டும். கொள்கை தமிழில் எழுதப்பட்டு, காலைப் பெரட்டில் வாசிக்கப்பட வேண்டும். கேட்டு வாங்கப்படாத ஈவு ஏழாண்டு கழிந்தால் அரசின் முதலீட்டாளர் நிதிக்குப் போய்விடும் என்பதையும், ஓய்வுபெற்றுத் தேனிக்கும் தென்காசிக்கும் திரும்பிவிட்டவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இது மலைக்காரர் விவகாரம் என்று கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூரிலும் இருந்து வந்த நண்பர்கள் ஒதுங்கிவிட வேண்டாம். நாளை நாம் பட்டம் பெற்று வெளியே செல்லும்போது ஏதேனும் ஓர் இளம் உயிர்த் தொழில்நுட்பக் கம்பெனி, "சம்பளம் குறைவுதான், ஆனால் பங்கு தருகிறோம்" என்று நம்மை அழைக்கும். அந்தப் பங்கும் சந்தைக்கு வராத பங்காகவே இருக்கும். அன்று நாம் கேட்க வேண்டிய கேள்வி, இன்று மூணாற்றுத் தாய்மார் கேட்க வேண்டிய கேள்வியேதான்: பங்கு கொடுத்தீர்கள், பலன் எப்போது, யார் முடிவில்?

தோழர்களே, வரும் விடுமுறையில் தோட்டத்து வீடுகளுக்குச் செல்வோர், அங்குள்ள பங்குதாரர் ஒருவரோடு உட்கார்ந்து அவர் கம்பெனியின் ஆண்டறிக்கையைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்கும் அந்தப் பங்கோடு வந்ததுதான் என்பதைச் சொல்லுங்கள். கணக்குப் புரிந்த உடைமையாளர் சாலையில் உட்கார வேண்டியதில்லை. கூட்டத்தில் எழுந்து நின்றே கேட்கலாம்.