அணையின் உள்ளே பார்க்க மறந்த சட்டம்

அணைப் பாதுகாப்பு மசோதா 2021 டிசம்பர் 2-ம் தேதி மாநிலங்களவையில் நிறைவேறியபோது, விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றியே நடந்தது. அணைகள் மீதான அதிகாரம் மத்திய அரசுக்கா, மாநிலங்களுக்கா? மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற திமுக உறுப்பினர் திருச்சி சிவாவின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. முல்லைப் பெரியாறு, பரம்பிக்குளம் உள்பட நான்கு அணைகளைக் கேரள எல்லைக்குள் வைத்துப் பராமரித்து வரும் தமிழகத்தின் அச்சம் நியாயமானதே. ஆனால், அணையின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை எப்படி அறிவது என்ற கேள்வி அந்த உரிமைச் சண்டையில் அமுங்கிப் போனது.

நாட்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய அணைகள் உள்ளன. நூறாண்டைக் கடந்தவை மட்டும் 200-க்கும் அதிகம். இந்த ஆறாயிரத்தில் பெரும்பாலானவை மண் அணைகள். எட்டு கிலோ மீட்டருக்கும் அதிக நீளமுள்ள நமது பவானிசாகரும் அந்த இனத்தைச் சேர்ந்ததே.

மண் அணை கசியவே கூடாது என்பதில்லை. எல்லா மண் அணைகளும் சிறிது கசியும். அந்த நீரை வடிப்பதற்கென்றே உள்ளே மணல் வடிகட்டி அமைக்கப்படுகிறது. கசியும் நீர் தெளிவாக இருக்கும் வரை கவலையில்லை. கலங்கலாக வந்தால், மண்ணையும் அரித்துக் கொண்டு வருகிறது என்று பொருள். அரிப்பு கரைக்குள் குழாய்போல் பின்னோக்கி வளர்ந்து நீர்த்தேக்கத்தை எட்டிவிட்டால் பிறகு செய்வதற்கு எதுவுமில்லை. அமெரிக்காவில் புதிதாகக் கட்டப்பட்ட டீட்டன் அணையில் 1976 ஜூன் 5-ம் தேதி காலையில் கலங்கல் நீர் தென்பட்டது. நண்பகலுக்குள் அணை உடைந்தது. 11 பேர் உயிரிழந்தனர்.

நம் நாட்டில் 2019 ஜூலை 2-ம் தேதி இரவு மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவாரே மண் அணை உடைந்து இருபதுக்கும் மேற்பட்டோர் அடித்துச் செல்லப்பட்டனர். கசிவு குறித்து முன்பே புகார் செய்ததாகக் கிராம மக்கள் கூறினர். மாநிலத்தின் அன்றைய நீர்ப் பாதுகாப்புத் துறை அமைச்சர் தானாஜி சாவந்தோ, நண்டுகள் மீது பழியைப் போட்டார். எதிர்க்கட்சியினர் நண்டுகளைப் பிடித்துக் கொண்டு போராட்டம் நடத்தியது தனிக்கதை. நண்டும் எலியும் கரையில் வளை தோண்டும் என்பது ஏரிக்கரை லஸ்கர் ஒவ்வொருவருக்கும் தெரிந்த உண்மை. அந்த வளை எங்கே இருக்கிறது, அதன் வழியே நீர் ஓடுகிறதா என்று பார்க்க அரசு என்ன செய்தது என்பதே கேள்வி.

பார்ப்பதற்கு வழி இருக்கிறது. கரையின் மீது வரிசையாக உலோகக் கம்பிகளை ஊன்றி, மிகக் குறைந்த மின்சாரத்தைச் செலுத்துகிறார்கள். ஈர மண் மின்சாரத்தை எளிதில் கடத்தும். உலர்ந்த மண் தடுக்கும். அந்த வேறுபாட்டைக் கொண்டு கரையின் உட்புறத்தைப் படமாக வரைய முடிகிறது. இன்னொரு முறையில், மண் துகள்களுக்கு இடையே நீர் நகரும்போது மில்லிவோல்ட் அளவில் இயல்பாகவே தோன்றும் மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். எங்கே ஈரம் என்பதோடு, எங்கே ஓட்டம் என்பதும் தெரிகிறது. கரையில் ஒரு துளைகூடப் போட வேண்டியதில்லை. இதற்கான வல்லுநர்களைத் தேடி வெளிநாடு செல்லவும் வேண்டாம். தில்லி ஹவுஸ் காஸில் உள்ள மத்திய மண் மற்றும் கட்டுமானப் பொருள் ஆய்வு நிலையத்திலும், புணே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள மத்திய நீர், மின்சார ஆராய்ச்சி நிலையத்திலும் இத்துறை வல்லுநர்கள் உள்ளனர்.

இம்முறை பிழையற்றது அல்ல. களிமண்ணும் ஈர மண்ணைப் போலவே மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், ஒரே ஒரு படத்தை வைத்து முடிவுக்கு வருவது ஆபத்து. ஒரே இடத்தில், பருவமழைக்கு முன்பும் பின்பும், ஆண்டுதோறும் அளந்து ஒப்பிட வேண்டும். சுவீடனில் 1990-களிலிருந்தே சில மண் அணைகளில் கருவிகளை நிரந்தரமாகப் பதித்துக் கண்காணிக்கிறார்கள். நம்மூரில் புகார் வந்த பிறகு ஒருமுறை அளந்து, அறிக்கையைக் கோப்பில் கட்டி வைப்பதே வழக்கம்.

2021 சட்டம் மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு நடத்தச் சொல்கிறது. அணைகளில் கருவிகள் பொருத்தச் சொல்கிறது. ஆனால், மண் அணைகளுக்கு இத்தகைய புவி இயற்பியல் ஆய்வு கட்டாயம் என்று சொல்லவில்லை. பருவமழை ஆய்வு என்பது நடைமுறையில் பொறியாளர் கரைமீது நடந்து போய்க் கண்ணால் பார்த்துப் படிவம் நிரப்புவதுதான். சட்டப்படி, ஒவ்வொரு அணைக்கும் முதல் முழுமையான பாதுகாப்பு மதிப்பீட்டை முடிக்க ஐந்தாண்டு அவகாசம். அதாவது 2026 டிசம்பர் இறுதி. இந்த மதிப்பீடும் கண்பார்வையோடும் பழைய வரைபடங்களோடும் முடிந்துவிட்டால், கசிவு இருக்கும் அணைக்கும் நற்சான்றிதழ் கிடைத்துவிடும்.

சட்டத்தின் எல்லைக்குள் வராதவற்றின் நிலை இதைவிட மோசம். 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவற்றில் சில வகைகளும் மட்டுமே இதில் அடங்கும். ஆற்றங்கரைகளும் கால்வாய்க் கரைகளும் இல்லை. தமிழகத்தின் 39 ஆயிரம் ஏரி, கண்மாய்களில் பெரும்பாலானவையும் இல்லை. தில்லிக்குக் குடிநீர் கொண்டு வரும் முனக் கால்வாயின் கரை 2024 ஜூலை 11-ம் தேதி பவானாவில் உடைந்து, ஏழைகள் வாழும் குடியிருப்புக்குள் தண்ணீர் புகுந்தது. அப்போதும் தில்லிக்கும் ஹரியாணாவுக்கும் இடையே எழுந்த பேச்சு, பராமரிப்பு யார் பொறுப்பு என்பதுதான்.

அளவீடு என்றால் மத்திய அரசின் தலையீடு என்று தமிழகம் ஒதுங்க வேண்டியதில்லை. முல்லைப் பெரியாறு கல் கட்டுமான அணை. அதற்கான சோதனைகள் வேறு. ஆனால் அந்த வழக்கில் தமிழகத்தைக் காப்பாற்றியவை சோதனை முடிவுகள்தாம். நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் குழு மத்திய ஆய்வு நிறுவனங்களைக் கொண்டு அணையைச் சோதித்து 2012-ல் அறிக்கை அளித்தது. அதன் பின்னரே 142 அடி வரை நீர் தேக்க உச்ச நீதிமன்றம் 2014 மே 7-ம் தேதி அனுமதித்தது.

ஜல சக்தி அமைச்சகத்திடம் நம் உறுப்பினர்கள் கேள்வி நேரத்தில் கேட்க வேண்டியவை இரண்டு. எத்தனை மண் அணைகளில், எந்தெந்த ஆண்டுகளில் இந்த ஆய்வு நடந்தது? அந்த அறிக்கைகள் அணைக்குக் கீழே வசிக்கும் மக்களுக்குக் கிடைக்குமா?