ஸ்கேனில் தெரியாத முள்



நம் சபையின் சகோதரி ஒருவர் கடலூர் துறைமுகத்தில் மீன்கூடை சுமந்து பிழைத்தவர். நான்கு ஆண்டுகளாக முதுகுவலியால் வாடுகிறார். கடலூரிலும் சிதம்பரத்திலும் மருத்துவர்களைக் கண்டார். எம்.ஆர்.ஐ. படத்தில் பெரிய கோளாறு ஒன்றுமில்லை. அந்த நல்ல செய்தியே அவருக்குத் தண்டனையாயிற்று. "ஒன்றுமில்லாத இடத்தில் வலி எங்கிருந்து வரும்? நடிக்கிறாள்" என்றனர் வீட்டார். "விசுவாசக் குறைவு" என்றது ஜெபக்குழு. சென்ற மாதம் வந்த ஊழியக்காரர் ஒருவர் மாத்திரைகளை எறிந்துவிடச் சொன்னார். எறிந்தார், பத்து இரவுகள் உறக்கமின்றித் தவித்தார். அன்று அந்தக் கூட்டத்தில் நானும் "ஆமென்" என்றேன். ஆகையால் இவ்வாரம் இனிய தியானம் எழுத எனக்கு மனமில்லை.

காலில் ஆணி குத்தினால் நரம்பு சுமந்து செல்வது ஆபத்துச் செய்தி மாத்திரமே. அதை வலியாக்குவது மூளை. முதுகுத்தண்டில் அச்செய்திக்கு ஒரு வாசல் உண்டு, மூளையால் அதைத் திறக்கவும் அடைக்கவும் கூடும் என்று மெல்சாக், வால் என்னும் இருவர் 1965இல் எடுத்துரைத்தனர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் கை இழந்தோரை ஆராய்ந்தார். இல்லாத கையில் அவர்களுக்குத் தீராத வலி. கண்ணாடி முன் மற்றக் கையை அசைக்கச் செய்தார். இழந்த கையே அசைவதாகக் கண்டபோது சிலருக்கு வலி தணிந்தது. அவர்களும் நடித்தார்களா? இல்லாத கையை எந்த ஸ்கேனில் காட்டுவது?

மறுபுறம், முதுகுவலியே இல்லாத 20 வயதினரைப் படமெடுத்தாலும் நூற்றுக்கு 37 பேருக்கு முதுகெலும்பு வட்டில் தேய்மானம் தெரிகிறது. படம் வலியின் அளவுகோல் அன்று. மூளையில் உண்டாகிறது என்றால் மனப்பிரமை என்று பொருளுமன்று. பார்வையும் மூளையில்தான் உண்டாகிறது, அதற்காக உங்களைக் குருடரென்று எவரும் சொல்வதில்லை.

"வலி தேவனின் ஈவு, சகித்துக்கொள்" என்போர், வேலூரில் தொழுநோயாளரிடையே உழைத்த டாக்டர் பால் பிராண்டைத் துணைக்கு அழைப்பார்கள். உணர்விழந்த கைகால்கள் வலியறியாமல் காயப்பட்டு அழிவதைக் கண்டவர் அவர். வலி காவற்காரன் என்பது மெய்யே. ஆனால் திருடன் போய் நான்கு ஆண்டுகளாகியும் இரவெல்லாம் கூவும் காவற்காரனுக்குச் சிகிச்சை வேண்டும்.

அந்தச் சிகிச்சையையும் நாம் ஏளனம் செய்தோம். அமிட்ரிப்டிலின் மாத்திரையைப் "பைத்தியத்துக்குத் தருவது" என்று நம்மில் சிலர் முணுமுணுத்தனர். மனச்சோர்வுக்கு வந்த மருந்துதான். நாள்பட்ட வலிக்கும் சிறிய அளவில் தரப்படுகிறது. அதனோடு படிப்படியான உடலசைவு, நல்லுறக்கம், அச்சம் நீக்கும் ஆலோசனை. அச்சமும் தனிமையும் வலியைக் கூட்டுகின்றன. அப்படியானால், "உனக்கு விசுவாசமில்லை" என்று அவரை அச்சுறுத்தியபோது நாம் செய்தது என்ன? வலியைக் கூட்டினோம், சகோதரரே. வேதவசனத்தை வாயில் வைத்துக்கொண்டு கூட்டினோம்.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் உடனிருந்தவரையில் நல்லவர்களாயிருந்தார்கள். பவுல் மூன்று தரம் வேண்டியும் முள் நீங்கவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று நம் ஜெபக்குழுவில் யார் சொல்வீர்கள்?

வியாதியஸ்தருக்காக ஜெபிப்பேன், எண்ணெயும் பூசுவேன். ஆனால் "மாத்திரையை எறிந்துவிட்டேன்" என்னும் சாட்சிக்கு இனி இந்த ஆலயத்தின் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் இரண்டு நாற்காலிகளை எடுத்துவிட்டோம். உட்கார இயலாதோர் அங்கே நின்று ஆராதிக்கலாம். வரும் செவ்வாயன்று அச்சகோதரி மீண்டும் சிதம்பரம் செல்கிறார். துணைக்குப் போக ஒருவர் தேவை.