கெட்ஸ்(): பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

"நல்ல புரோகிராமர் எழுதினால் சி-யில் ஒரு பிரச்சனையும் வராது." இந்த வசனத்தைக் கேட்காத லேப் உண்டா? கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது மக்களே. சுத்தப் பேத்தல்.

சி-யில் ஸ்டிரிங் என்பது வரிசையாகச் சில பைட், கடைசியில் ஒரு பூஜ்யம், அவ்வளவுதான். எவ்வளவு இடம் இருக்கிறது என்று கூடவே எழுதி வைப்பதில்லை. குடம் எத்தனை லிட்டர் என்று பார்க்காமல் குழாயைத் திறந்துவிடுகிற கதை! கெட்ஸ்() இதன் உச்சம். அதற்கு முகவரியை மட்டும்தான் கொடுக்க முடியும், அளவைச் சொல்ல வழியே இல்லை. நீங்கள் எத்தனை ஜாக்கிரதையாக இருந்தாலும், எதிரில் உட்கார்ந்து டைப் அடிப்பவன் விரலைப் பிடிக்க முடியுமா?

1988 நவம்பரில் மோரிஸ் வோர்ம் புகுந்த வழிகளில் ஒன்று இதுதான். பெர்க்லி யூனிக்ஸின் ஃபிங்கர் சர்வர் 512 பைட் இடத்தை வைத்துக்கொண்டு கெட்ஸ்()-ஐக் கூப்பிட்டது. வோர்ம் அனுப்பியது 536 பைட். வழிந்தது, ஃபங்ஷன் முடிந்து திரும்பிப் போக வேண்டிய முகவரியின் மேல் விழுந்தது. அப்புறம் மெஷின் வோர்ம் சொன்னபடி ஆடியது. பெர்க்லி யூனிக்ஸை எழுதியவர்கள் கத்துக்குட்டிகளா என்ன? அந்த கெட்ஸ்()-ஐ சி தரத்திலிருந்து தூக்க 2011 வரை ஆனது. 23 வருஷம்!

"அப்ப ஸ்ட்ரென்காப்பி() போடு" என்பார்கள். இடம் நிறைந்துவிட்டால் அது கடைசிப் பூஜ்யத்தைப் போடாமலே கிளம்பிவிடும். அடுத்து வரும் பிரிண்ட்எஃப்() பக்கத்து வீட்டு மெமரியையும் சேர்த்துப் படிக்கும். இதற்குப் பெயர் பாதுகாப்பாம் :-)

வேகத்துக்காக என்றும் சொல்ல முடியாது. நீளம் வேண்டுமென்றால் ஸ்ட்ரெலென்() ஒவ்வொரு தடவையும் பூஜ்யம் வரைக்கும் நடந்து போய்த்தான் எண்ண வேண்டும். ஜாவாவும் ரஸ்டும் நீளத்தைக் கையிலேயே வைத்திருக்கின்றன. எல்லை தாண்டினால் ஜாவா எக்ஸெப்ஷன் எறியும், ரஸ்ட் பானிக் ஆகும். புரோகிராம் படுக்கலாம், அடுத்த மெமரியை அள்ளிக் கொடுக்காது. இந்தக் கணக்கைப் பார்ப்பது மெஷினின் வேலை. அதை ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இருப்பவன் தலையில் கட்டிவிட்டு, தப்பு நடந்தால் "அவன் நல்ல புரோகிராமர் இல்லை" என்பது என்ன நியாயம்?

கெர்னலுக்கும் மைக்ரோகண்ட்ரோலருக்கும் சி வேண்டும், சரி. சி-யிலேயே அளவு கேட்கும் எஃப்கெட்ஸ்(), எஸ்என்பிரிண்ட்எஃப்() இருக்கின்றன. ரெக்கார்டு நோட்டில் எஃப்கெட்ஸ்() எழுதினால் "மேனுவலில் இருப்பதை எழுது" என்று சிவப்பு மையில் அடிப்பதையாவது முதலில் நிறுத்துங்கள்.